டரன்டுலா பெட்டிக்கு அடிமண்: எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில் வாங்குவது

முதல் டரன்டுலாவை (முடி அடர்ந்த பெரிய சிலந்தி) வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஒரு கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டியை வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, சொதசொதவென்று இருப்பதை அப்படியே பெட்டியில் கொட்டி, அன்றைக்கே சிலந்தியையும் உள்ளே விட்டுவிடுகிறார்கள். மறுநாள் அது சுவரில் ஏறி ஒட்டிக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறது. "என் சிலந்திக்கு என்னமோ ஆகிவிட்டது" என்று பதறிப்போய்க் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த ஈரத்தில் கால் வைக்க அதற்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியின் தரையில் பரப்புவதை, சப்ஸ்ட்ரேட் என்று எல்லோரும் சொல்வதை, இங்கே அடிமண் என்றே எழுதுகிறேன். இதில் எந்தப் பொருள், எந்த பிராண்டு என்பது கடைசியில் வரும் கேள்வி. சிலந்தி எங்கே வாழும் வகை, எவ்வளவு ஆழம் வேண்டும், எவ்வளவு ஈரம் வேண்டும் ஆகிய மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் பொருள் கிட்டத்தட்ட தானாகவே முடிவாகிவிடும். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான் பாதிப் பிரச்சினைகள் வருகின்றன.

கையில் தயாராக இருக்க வேண்டியவை: ஒரு அளவுகோல், ஒரு வாளி, அடி தட்டையான ஒரு தம்ளர், முகக்கவசம், கையுறை, ஒரு கார்க் பட்டைத் துண்டு. இவற்றோடு ஒரு வார காலமும் வேண்டும். சிலந்தி வருவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டி தயாராகி நிற்க வேண்டும். ஏன் என்று 6-ஆம் படியில் சொல்கிறேன்.

1. சிலந்தி எங்கே வாழும் வகை என்று உறுதி செய்யுங்கள்

டரன்டுலாக்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்: தரையில் திரிபவை, மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை, மரத்தில் வாழ்பவை. பிராக்கிபெல்மா, கிராம்மோஸ்டோலா, அபோனோபெல்மா எல்லாம் தரை வகை. சிரியோபாகோபஸ் லிவிடஸ் என்ற நீல நிறச் சிலந்தி வளை வகை. அதற்கு ஆழமான மண் கொடுத்தால் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் உள்ளேயே இருக்கும். அவிகுலேரியா, கரிபேனா, பொசிலோதெரியா மூன்றும் மர வகை.

வாங்கும்போது அறிவியல் பெயரைக் கட்டாயம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பெயர்களை நம்ப முடியாது, ஒரே பெயரில் இரண்டு மூன்று இனங்கள் கைமாறுகின்றன.

குட்டிகளைப் பற்றி ஒரு விஷயம். தரை வகைகளின் குட்டிகள் பல, பெரிதானதும் வெளியே உட்காரும் இனமாகவே இருந்தாலும், சின்ன வயதில் மண்ணுக்குள் போய்விடும். பொசிலோதெரியா குட்டிகள்கூடச் சில நேரம் தோண்டும். அதனால் குட்டிக்கு எந்த இனமானாலும் தோண்டும் அளவுக்கு மண் கொடுத்துவிடுவது நல்லது.

2. கால் விரிப்பை அளந்து ஆழத்தைக் கணக்குப் போடுங்கள்

கால் விரிப்பு என்பது ஒரு பக்க முன்னங்காலின் நுனியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்னங்காலின் நுனி வரை, மூலைவிட்டமாக அளப்பது. சிலந்தியைக் கையில் எடுத்து அளக்க வேண்டியதில்லை. அடி கண்ணாடிபோல் தெரியும் டப்பாவில் இருந்தால் கீழே கட்டம் போட்ட தாளை வைத்துப் பார்த்தாலே போதும். உரித்த தோல் இருந்தால் அதை ஈரப்படுத்தி விரித்தும் அளக்கலாம்.

இப்போது கணக்கு. தரை வகைக்கும் வளை வகைக்கும் மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடி வரை உள்ள இடைவெளி, கால் விரிப்பைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. 12 செ.மீ. கால் விரிப்புள்ள சிலந்தி என்றால் அதிகபட்சம் 18 செ.மீ. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். தரை வகை டரன்டுலாவின் உடல் கனமானது, வயிற்றுத் தோல் மெல்லியது. இரவில் அது சுவரில் ஏறத்தான் செய்யும், மூடி வரை போய் அங்கிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து செத்துவிடக்கூடும். அடிமண்ணை உயர்த்துவது முதலில் இந்த விழுகையைக் குறைக்கத்தான், தோண்டுவதற்கு இடம் கொடுப்பது அதற்கு அடுத்துத்தான்.

ஆக, 30 செ.மீ. உயரமுள்ள பெட்டியில் அந்த 12 செ.மீ. சிலந்தியை வைக்க வேண்டுமென்றால் குறைந்தது 12 செ.மீ. மண் போட்டாக வேண்டும். அழகுக்காக 3 செ.மீ. பரப்பிவிட்டு மேலே காலியாக விடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பார்க்க விசாலமாக இருக்கிறது, சிலந்திக்கு ஆபத்தாக இருக்கிறது.

வளை வகைக்குக் கால் விரிப்பைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு ஆழம். இதற்கு உயரமான பெட்டியை வாங்கி முக்கால் வாசி மண்ணால் நிரப்ப வேண்டும். மர வகைக்கு 5 முதல் 8 செ.மீ. போதும். அவை மேலேதான் வாழ்கின்றன, கீழே உள்ள மண் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்துவைக்கவும் கார்க் பட்டையை நிறுத்தி வைக்கவும் மட்டும்தான்.

எவ்வளவு வாங்குவது? நீளம், அகலம், ஆழம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 30-க்கு 20 பெட்டியில் 10 செ.மீ. ஆழத்துக்கு 6 லிட்டர். அழுத்தும்போது அமுங்கிவிடும் என்பதால் மூன்றில் ஒரு பங்கு சேர்த்து 8 லிட்டராக வைத்துக்கொள்ளுங்கள். 650 கிராம் கோகோ பீட் கட்டி ஒன்று ஊறினால் சுமார் 8 லிட்டர் வரும்.

3. ஈரமா, உலர்வா

அமேசான் மழைக்காட்டைச் சேர்ந்த தெரபோசா வகைக்கு எப்போதும் ஈரமான மண் வேண்டும். மண் காய்ந்துவிட்டால் தோல் உரிக்கும்போது சிக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். சிரியோபாகோபஸுக்கும் அடி ஈரமாக இருக்க வேண்டும். சிலியைச் சேர்ந்த கிராம்மோஸ்டோலா ரோசியா நேரெதிர். ஈர மண்ணைத் தொட்டால் விரல் நுனியில் நிற்பதுபோலக் கால்களை உயர்த்திக்கொள்ளும், இல்லையென்றால் சுவரில் ஏறிவிடும். பிராக்கிபெல்மா, அபோனோபெல்மா, க்ரோமாடோபெல்மா ஆகியவற்றுக்கும் உலர்ந்த மண்ணும் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் போதும்.

சந்தேகம் இருந்தால் பாதிக்குப் பாதி வைத்துவிடுங்கள். பெட்டியின் ஒரு பக்கம் ஈரமாகவும் மறு பக்கம் உலர்வாகவும் இருந்தால் எது வேண்டும் என்பதைச் சிலந்தியே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

குட்டிகளுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது. குட்டியின் மேல்தோல் மெல்லியது, உடலில் உள்ள நீர் சீக்கிரம் போய்விடும். பாலைவன இனமாகவே இருந்தாலும் குட்டியின் டப்பாவில் ஒரு ஓரம் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். பெரிய சிலந்திக்குப் படித்ததை அப்படியே குட்டிக்குச் செய்து முழுக்கக் காயவிட்டுப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர்.

4. இப்போது பொருளைத் தேர்ந்தெடுங்கள்

கோகோ பீட்: சுலபமாகக் கிடைக்கும், சுத்தமாக இருக்கும், காய்ந்த பிறகும் திரும்ப நனையும். குறை என்னவென்றால், தனியாகப் போட்டால் காய்ந்ததும் பொலபொலவென்று ஆகிவிடும், வளை நிற்காது. மர வகைக்குத் தனியாகவே போதும். வாங்கும்போது உரம் எதுவும் சேர்க்காததா என்று பாருங்கள். செடிகளுக்கென்று விற்கும் சிலவற்றில் கால்சியம் நைட்ரேட் கலந்து பதப்படுத்தியிருப்பார்கள். உப்பு இருக்கலாம் என்பதால் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிவது என் வழக்கம்.

பீட் மாஸ் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி): ஈரத்தை நன்றாகப் பிடிக்கும், வளையும் ஓரளவு நிற்கும். ஆனால் முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது, ஊற்றிய தண்ணீர் மேலேயே ஓடிப் பக்கவாட்டில் இறங்கிவிடும். மேலே நனைந்தமாதிரி தெரியும், தோண்டிப் பார்த்தால் உள்ளே தூள் பறக்கும்.

மேல்மண்: உரமும் பூச்சிமருந்தும் கலக்காத, சலித்த மண். கனமானது, அழுத்தினால் கெட்டியாகும், களிமண் கொஞ்சம் கலந்திருந்தால் வளை அப்படியே நிற்கும். தோண்டும் சிலந்திக்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. எந்தக் கலவையிலும் பாதியாவது இது இருக்கட்டும் என்பது என் கருத்து.

மணல் தனியாக வேண்டாம். உலர் வகைக் கலவையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் மண் கொஞ்சம் இறுகும். வெர்மிகுலைட் என்ற, சூட்டில் பொரித்த கனிமத் துகள் தண்ணீரைத் தேக்கி மெதுவாக விடும், ஈர வகைக்கு மட்டும் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. ஸ்பாக்னம் பாசியைக் கிண்ணத்தின் அருகே ஒரு கைப்பிடி வைத்தால் அந்த இடம் ஈரமாகவே இருக்கும். இதைத் தரை முழுக்கப் பரப்பாதீர்கள், கால் புதைந்து நடக்கச் சிரமப்படும்.

நான் போடும் கலவைகள் இவை. உலர் தரை வகைக்கு ஆறு பங்கு மேல்மண், மூன்று பங்கு கோகோ பீட், ஒரு பங்கு மணல். ஈர வகைக்கு ஐந்து பங்கு மேல்மண், நான்கு பங்கு கோகோ பீட் அல்லது பீட் மாஸ், ஒரு பங்கு வெர்மிகுலைட். வளை வகைக்கு ஏழு பங்கு மேல்மண், மூன்று பங்கு கோகோ பீட். குட்டிகளுக்குச் சலித்த கோகோ பீட்டும் மண்ணும் சமபங்கு, கட்டியோ நாரோ இல்லாமல். எடையைப் பார்க்க வேண்டாம், ஒரே டம்ளரால் அளந்தால் போதும். துல்லியமும் தேவையில்லை. கலவை கையில் அழுத்தினால் நிற்கிறதா என்பதுதான் முக்கியம்.

5. பெட்டிக்குள் போகவே கூடாதவை

சீடார், பைன் மரச்சீவல்கள்: வாசனை தரும் எண்ணெய்கள் உள்ளவை. சீடார் எண்ணெய் பூச்சிகளை விரட்டப் பயன்படுவது, சிலந்திக்கும் அது ஆகாது.

கூழாங்கல், சரளைக்கல்: தோண்ட முடியாது, விழுந்தால் அடிபடும், இடுக்குகளில் இரைப்பூச்சி போய்ச் செத்து நாறும்.

தொட்டிச்செடிக் கலவை: இதில்தான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பார்க்க மண் மாதிரியே இருக்கும். உள்ளே மெதுவாகக் கரையும் உர உருண்டைகள், பெர்லைட் என்ற வெள்ளைக் கனிமத் துகள்கள், நனைவதை எளிதாக்கும் ரசாயனம் எல்லாம் இருக்கலாம். பையில் எழுதியிருப்பதை முழுக்கப் படியுங்கள்.

தோட்டத்து மண்ணை அங்கே எப்போது எந்த மருந்து அடித்தார்கள் என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரிந்தாலொழிய எடுக்காதீர்கள். பூச்சிகளைக் கொல்லும் மருந்து சிலந்தியையும் கொல்லும், மண்ணில் எவ்வளவு நாள் தங்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஊர்வனவற்றுக்கு விற்கும் கால்சியம் மணல், பூனை மண், கூரான மரப்பட்டைச் சில்லுகள் இவையும் வேண்டாம்.

6. தயார் செய்யுங்கள், பிறகு காத்திருங்கள்

கட்டியை வாளியில் போட்டு 3 முதல் 4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். வெந்நீர் என்றால் சீக்கிரம் உதிரும். அப்புறம் கை நிறைய எடுத்துப் பலம் கொண்ட மட்டும் பிழியுங்கள். பிழிந்ததைத் தாள் விரித்துப் பரப்பி, கீழே சொல்லும் பதம் வரும் வரை விடுங்கள்.

பிடி சோதனை ஒன்று உண்டு. கையில் எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது, தட்டினால் உடைய வேண்டும். ஈர வகைக்கும் பெட்டியில் போடும்போது இந்தப் பதம்தான். உலர் வகைக்கும் அழுத்துவதற்காக இந்தப் பதத்திலேயே போட்டு, பெட்டியில் வைத்து மூடியைத் திறந்து காயவிடுகிறேன். காய்ந்தபின் போட்டால் இறுகவே இறுகாது. அந்த ஒரு வாரம் இதற்குத்தான்.

மண்ணை அடுப்பில் வைத்துச் சுட வேண்டுமா என்று கேட்பார்கள். சுத்தமான பையிலிருந்து எடுத்ததற்குத் தேவையில்லை. சுட்டாலும் பூஞ்சை வித்துகள் காற்றிலிருந்து திரும்ப வரத்தான் செய்யும். உலர்ந்த கோகோ பீட்டை மைக்ரோவேவில் வைக்கவே வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

காய்ந்த கோகோ பீட், வெர்மிகுலைட் இரண்டும் தூசி கிளப்பும். கலக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

7. அடுக்கடுக்காகப் போட்டு அழுத்துங்கள்

மொத்தத்தையும் கொட்டிவிட்டு மேலே மட்டும் தட்டினால் அடியில் பொந்தாகவே இருக்கும். 3 செ.மீ. போடுங்கள், தம்ளர் அடியால் நன்றாக அழுத்துங்கள், அடுத்த 3 செ.மீ. போடுங்கள். விரலால் குத்தினால் கொஞ்சம் எதிர்ப்பு தெரிய வேண்டும். தளர்ந்த மண்ணில் சிலந்தி நடக்கவே தயங்கும், தோண்டினால் வளை இடிந்துவிடும். "என் சிலந்தி தோண்டவே மாட்டேன் என்கிறது" என்று சொல்பவர்களின் பெட்டியில் பெரும்பாலும் மண் தளர்வாகத்தான் இருக்கிறது.

கனமான கல்லோ கட்டையோ வைப்பதாக இருந்தால் அது பெட்டியின் அடித்தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதைச் சுற்றித்தான் மண் வர வேண்டும். மண்மேல் வைத்தால் சிலந்தி அதன் அடியில் தோண்டும், கல் இறங்கி நசுக்கிவிடும்.

கடைசியாக, ஒரு மூலையில் கார்க் பட்டையைச் சாய்வாகப் பாதி புதைத்து, அதன் கீழே கட்டைவிரலால் சாய்வாக ஒரு துளை போட்டுவிடுங்கள். சிலந்தியின் உடல் அகலத்துக்கு ஏற்ற துளை. இப்படி ஒரு ஆரம்பம் இருந்தால் பல சிலந்திகள் அதையே நீட்டித் தோண்டிக்கொள்ளும்.

அடியில் வெப்பப் பாய் வைக்காதீர்கள். சூடு அதிகமானால் டரன்டுலா கீழே தோண்டிப் போகும், கீழேதான் குளிர்ச்சி இருக்கும் என்பது அதன் இயல்பு. அங்கே சூடு இன்னும் கூடுதலாக இருந்தால் தப்பிக்க இடமில்லை. மண்ணும் அடியிலிருந்து காய்ந்துபோகும். வடிகால் என்று அடியில் களிமண் உருண்டைகளைப் பரப்புவதும் வளை வகைக்கு வேண்டாத வேலை, தோண்டி அதற்குள்ளேயே போய்ச் சேரும்.

8. தண்ணீர் விடும் முறை

மேலே தெளிப்பதை நிறுத்துங்கள். தெளித்தால் மேல் ஒரு செ.மீ. நனையும், மறுநாள் காயும், அடி எப்போதும் வறண்டே இருக்கும். ஈர வகைக்கு நேர்மாறாக அடி ஈரமாகவும் மேல் கிட்டத்தட்ட காய்ந்தும் இருக்க வேண்டும். மண் போடும்போதே ஒரு மூலையில் மெல்லிய குழாய் ஒன்றை அடி வரை நட்டு வைத்துவிடுங்கள், அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். குழாய் வாய் சிலந்தி நுழையாத அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். பெட்டியின் பக்கச் சுவர் வழியாகப் பார்த்தால் நனைந்த மண் கருப்பாகத் தெரியும், அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே அடுத்து எப்போது ஊற்றுவது என்று தெரிந்துவிடும். மலிவான முள் வைத்த ஈரமானிகளை நான் நம்புவதில்லை.

உலர் வகைக்குத் தண்ணீர்க் கிண்ணத்தை மாதத்துக்கு ஓரிரு முறை வழிய ஊற்றினால் போதும்.

ஈரம் இருக்கும் இடத்தில் காற்றும் போக வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் துளைகள் வேண்டும். அவிகுலேரியாவை ஈரமாகவும் மூடியும் வைத்துக் கொன்றவர்கள் ஏராளம். அந்த இனத்துக்குக் காற்றோட்டத்தைக் குறைத்து ஈரத்தைக் கூட்டுவதைவிட மோசமான யோசனை இல்லை.

9. விட்ட பிறகு கவனியுங்கள்

முதல் சில நாள் சுவரில் உட்காருவது சகஜம். ஒரு வாரம் கழித்தும் கால் தரையில் படாமல் இருந்தால் மண் ஈரமா என்று தொட்டுப் பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் மேலேயே கிடந்தால் மண் மிகவும் காய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் பூஞ்சை முதல் சில வாரங்களில் கார்க் பட்டையிலும் மண்ணிலும் வரும், பெரும்பாலும் தானாகப் போய்விடும். அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து, ஈரத்தைக் குறைத்து, காற்றைக் கூட்டுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் இரை மிச்சம் எங்கோ அழுகுகிறது என்று அர்த்தம், தேடுங்கள்.

வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக ஊர்ந்தால் உடனே பயப்பட வேண்டாம். தொட்டால் துள்ளிக் குதிப்பவை ஸ்பிரிங்டெயில்கள் என்ற நுண்ணிய உயிர்கள், பூஞ்சையைத் தின்று நன்மைதான் செய்யும். ஈர வகைப் பெட்டிகளில் நானே வேண்டுமென்று விடுகிறேன். மெதுவாக ஊர்ந்து தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பிலும் இரை மிச்சத்திலும் கூட்டமாக மொய்ப்பவை மைட்டுகள் என்ற சின்னஞ்சிறு உண்ணிகள். கொஞ்சம் இருந்தால் மிச்சத்தை எடுத்து மண்ணைக் காயவிட்டாலே குறைந்துவிடும். சிலந்தியின் வாயருகிலும் மூட்டுகளிலும் கூட்டமாக ஒட்டியிருந்தால்தான் மண் முழுவதையும் மாற்ற வேண்டும்.

10. எப்போது மாற்றுவது

மாதாமாதம் மாற்றத் தேவையில்லை. சிலந்தி தின்று மிச்சம் விட்ட இரை உருண்டைகளையும் இறக்கைத் துண்டுகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டால் ஒரே மண் ஒரு வருடத்துக்கு மேலேயே தாங்கும். சிலந்தி தன் பட்டு நூலை மண்ணெங்கும் விரித்து இடத்தைப் பழகிவைத்திருக்கிறது, அதைக் கலைத்தால் திரும்ப முதலிலிருந்து பழக வேண்டும். புளித்த நாற்றம், மைட்டுத் தொல்லை, வேறு பெட்டிக்கு மாற்றுவது, இவைதான் காரணங்கள்.

தோல் உரிக்கும் காலம் நெருங்கினால் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். சாப்பிடாமல் இருப்பது, வயிறு கருத்துப் பளபளப்பது, வளை வாயை மண்ணால் அடைப்பது, தரையில் தடிமனாகப் பட்டு விரிப்பது எல்லாம் அறிகுறிகள். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று நினைத்துக் கிளறாதீர்கள், அது உரித்துக்கொண்டிருக்கிறது. உரித்து முடித்தபின் கோரைப்பல் கருத்து இறுகும் வரை காத்திருந்து பிறகு மாற்றுங்கள்.

பழைய மண்ணை எடுக்கும்போது எச்சரிக்கை. பிராக்கிபெல்மா, கிராம்மோஸ்டோலா, தெரபோசா போன்ற அமெரிக்கக் கண்டத்து இனங்கள் வயிற்றிலிருந்து அரிப்பு உண்டாக்கும் முடிகளை உதிர்க்கும். அவை மண் முழுக்கக் கலந்திருக்கும், கண்ணில் போனால் பெரிய தொல்லை. சிலந்தியை ஒரு டப்பாவில் பத்திரமாக மாற்றிவிட்டு, மண்ணைத் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்து, கையுறை, கண்ணாடி, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். அள்ளியதைப் பையில் போட்டு வாயைக் கட்டிக் குப்பையில் போடுங்கள். பெட்டியை வெந்நீரால் மட்டும் கழுவித் துடைத்துவிடுங்கள். புது மண்ணில் பழைய மண் ஒரு கைப்பிடி கலக்கலாம் என்று சிலர் சொல்வதை மைட்டுத் தொல்லைக்காக மாற்றும்போது மட்டும் கேட்காதீர்கள்.